படத்தில் கிழிசல், தோளில் நோ

"ஸ்கேனிலை கிழிஞ்சிருக்கு எண்டு தெளிவாய்க் கிடக்கு. பிறகென்ன யோசனை? சின்ன ஓட்டை ரெண்டு, ஒரு ராத்திரி வாட்டிலை, விஷயம் முடிஞ்சுது." வெள்ளவத்தையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் தோள் நோகிறது என்று வாய் திறந்தால், இந்த ஆலோசனை ஒரு கிழமைக்குள் அவரை வந்தடையும். அடுக்குமாடி லிஃப்டில் ஒருவர் சொல்வார். கலியாண வீட்டுப் பந்தியில் இன்னொருவர் சொல்வார். ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் சொல்லிவிட்டு, காசுக்கு யோசிக்க வேண்டாம் என்பார். சொல்பவர் ஒருவருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. அந்த உறுதி தவறானது. தோள் நோவுக்கென்று உலகெங்கும் அதிகம் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளில் ஒன்று பாசாங்குச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. அதைவிட மேலானது என்று அதனால் காட்ட முடியவில்லை. இந்தச் செய்தி வெளியாகிப் பல வருடங்களாகியும் நம்முடைய வீட்டு விறாந்தைகளுக்கு வந்து சேரவில்லை.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். நோ என்றால் அதற்கு ஓர் இடமும் காரணமும் இருக்க வேண்டும். முன்பு வைத்தியர் கையால் அழுத்தி ஊகித்ததை இன்று எம்.ஆர்.ஐ. நேரே காட்டுகிறது: ஒன்றில் நாண் கிழிந்திருக்கிறது, அல்லது மேலேயுள்ள என்பு நாணை உரசுகிறது. கிழிந்த நாண் தானாக ஒட்டாது, விட்டால் பெரிதாகும். இது நீளக் கிழித்துத் தைத்த பழைய காலத்துச் சத்திரசிகிச்சையும் அல்ல. பென்சில் தடிப்பில் துளை, கமெரா, நுண்ணிய கருவிகள். செய்தவர்கள் சுகமாகிக் கண்முன்னே நடமாடுகிறார்கள். வேலை, விளையாட்டு, வீடு என்று உடம்பைப் பாவித்து வாழ்பவர் மாதக்கணக்கில் இறப்பர் பட்டியை இழுத்துக்கொண்டிருக்க முடியுமா? முரளிதரனே தோளில் சத்திரசிகிச்சை செய்துதானே மறுபடி பந்து போட்டார்? வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் கேட்கும்போது உறுதியாகத்தான் இருக்கிறது. இழுத்துப் பார்ப்போம்.

1. படத்தில் கிழிவு தெரிந்தால் நோவுக்குக் காரணம் அதுதான் என்று யார் சொன்னது? 1995இல் அமெரிக்காவில், தோளில் எந்த நோவும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 34 வீதமானவர்களின் தோளில் நாண் கிழிந்திருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 54 வீதம். இவர்கள் தலை வாரினார்கள், சட்டை போட்டார்கள், பாரம் தூக்கினார்கள். ஒரு குறையும் சொன்னதில்லை. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையான, நோவில்லாத 51 ஆண்களின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 96 வீதமானவர்களிடம் ஏதோவொரு மாற்றம் தெரிந்தது. அந்த வயதில் மாற்றமில்லாத தோள்தான் விதிவிலக்கு.

உடம்பைப் பாவிப்பவர்களுடைய விஷயம் இன்னும் தெளிவு. தலைக்கு மேல் கை வீசி விளையாடும் 20 வீரர்களை 2003இல் வெளியான ஆய்வொன்று பார்த்தது. 8 பேரின் விளையாடும் தோளில் பகுதியாகவோ முழுதாகவோ கிழிவு இருந்தது. மற்றத் தோளில் ஒருவருக்கும் இல்லை. ஐந்து வருடம் கழித்து விசாரித்தார்கள். அந்தத் தோளில் நோ என்று ஒருவரும் சொல்லவில்லை. பாவித்த தோளில் பாவித்த தடயம் இருக்கிறது, அவ்வளவுதான். தலையிடியோடு வந்தவரின் நரைத்த முடியைக் காட்டி, காரணம் இதுதான் என்று சொல்வோமா? முடி நரைத்திருப்பது உண்மை. தலை இடிப்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடுவதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தைப் படம் தராது. தருவது வைத்தியரின் கை: எந்தப் பக்கம் தூக்கும்போது நோகிறது, பலம் குறைந்திருக்கிறதா, நோகாத கையோடு ஒப்பிட்டால் எப்படி, கழுத்தைத் திருப்பும்போது நோ கைக்கு இறங்குகிறதா. (கழுத்து நரம்பு நெரிந்தாலும் தோள் நோகும். மாடிப்படி ஏறும்போது இடது தோள் நொந்து வியர்த்தால் போக வேண்டியது இதய வைத்தியரிடம், உடனே.) இந்தப் பத்து நிமிடச் சோதனை நடக்காமல், சனல் பண்ணிய இரண்டாவது நிமிடத்திலேயே ஸ்கேனுக்குத் துண்டு எழுதப்படுகிறது என்றால், பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

2. மேலேயுள்ள என்பைச் சுரண்டிவிட்டால் உரசல் தீரும் என்பது ஒரு கருதுகோள். அது எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தோள்மூட்டு என்பது சிறு தட்டில் உருளும் பெரிய பந்து. அந்தப் பந்தைத் தட்டோடு அணைத்துப் பிடிப்பவை நான்கு தசைகளின் நாண்கள்; ரொட்டேற்றர் கஃப் என்று வைத்தியர்கள் சொல்வது இவற்றைத்தான். இவற்றுக்கு மேலே கூரை போலத் தோள்முனை என்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. கையைத் தூக்கும்போது கூரையின் விளிம்பு நாணைத் தேய்க்கிறது, அந்தத் தேய்ப்பே நோவுக்கும் பின்னர் வரும் கிழிவுக்கும் காரணம் என்று அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் சார்ல்ஸ் நீர் 1972இல் எழுதினார். கூரையைச் செதுக்கும் முறையையும் அவரே சொன்னார். கிழிவுகளில் 95 வீதம் இப்படித்தான் வருகிறது என்று 1983இல் இன்னும் உறுதியாக எழுதினார். எவருக்கும் விளங்கும் விளக்கம் அது. கதவு நிலையில் உரசினால் இழைப்புளி போடுகிறோம் அல்லவா? 1980களின் பிற்பகுதியில் அதே வேலையைக் கமெராக் குழாய் வழியாகச் செய்ய வழி பிறந்ததும் எண்ணிக்கை எகிறியது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் 2,523 ஆக இருந்த இந்தச் சத்திரசிகிச்சை 2010இல் 21,355 ஆனது. அந்தப் பத்து வருடத்தில் இங்கிலாந்துக்காரரின் தோள் என்பு எட்டு மடங்கு வளைந்துவிடவில்லை.

இத்தனை ஆயிரம் பேருக்குச் செய்த பிறகுதான், உண்மையில் இது வேலை செய்கிறதா என்று முறையாகக் கேட்டார்கள். பிரித்தானியாவில் 32 வைத்தியசாலைகள், 313 நோயாளிகள். எல்லோருக்கும் குறைந்தது மூன்று மாத நோ. பயிற்சியும் ஊசியும் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள். குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு என்பைச் சுரண்டினார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே மயக்க மருந்து, அதே துளை, அதே கமெரா; உள்ளே பார்த்துவிட்டு ஒன்றையும் தொடாமல் மூடினார்கள். தங்களுக்கு எது நடந்தது என்று இந்த இரு குழுவினருக்கும் தெரியாது. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து, 48 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் தோளின் நிலையைக் கணித்தார்கள். சுரண்டப்பட்டவர்கள் 32.7. பார்த்து மூடப்பட்டவர்கள் 34.2. ஒன்றும் செய்யப்படாதவர்கள் 29.4. சத்திரசிகிச்சை அறைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையிலிருந்த அந்தச் சிறு இடைவெளிகூட, நோயாளி தன் அன்றாடத்தில் உணரக்கூடிய அளவுக்கு இல்லை என்று லான்செட் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2018இல் பின்லாந்திலிருந்து 210 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தும், சுரண்டுவது பாசாங்குச் சிகிச்சையைவிடப் பொருட்படுத்தத்தக்க நன்மை தரவில்லை. 2019இல் பி.எம்.ஜே. இதழ் கூட்டிய, நோயாளிகளும் இடம்பெற்ற சர்வதேசக் குழு, இந்த நோவுக்கு இந்தச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று வலுவான பரிந்துரையாகவே சொன்னது. இங்கிலாந்து அரச சுகாதாரச் சேவை, குறிப்பிட்ட நிபந்தனைகள் இல்லாமல் செய்யக் கூடாத சிகிச்சைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை அபூர்வம். எதிர்த்தரப்பார் இந்த ஆய்வுகளில் குறை கண்டால் சொல்லட்டும், கேட்கலாம். அவற்றைப் படிக்காமலே திகதி குறிப்பது வேறு விஷயம்.

3. "எனக்குச் சுகமானதே, அதைப் பொய்யென்கிறீரா?" இல்லை. சுகமானது உண்மை. பார்த்து மூடப்பட்டவர்களுக்கும் சுகமானது என்பதுதான் மேற்சொன்ன கணக்கின் பொருள். தோள் நோ ஏறி இறங்கும் தன்மையுடையது. உச்சத்தில் நிற்கும்போதுதான் மனிதர் சத்திரசிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார். உச்சத்திலிருந்து அடுத்த அடி பெரும்பாலும் இறக்கமே. அதோடு ஓய்வு கிடைக்கிறது, வீட்டு வேலையை மற்றவர்கள் செய்கிறார்கள், பிறகு இயன்மருத்துவர் பயிற்சி சொல்லித்தருகிறார், நம்பிக்கை வருகிறது. இவ்வளவும் சேர்ந்து தந்த சுகத்துக்கான பெயரைக் கத்தி எடுத்துக்கொள்கிறது. முதல் முறையாகப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தது சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் என்று சொல்லும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். முன்னரே செய்திருந்தால்?

4. கிழிந்ததைத் தைக்கத்தானே வேண்டும் என்ற வாதம் சுரண்டும் வாதத்தைவிடக் கனமானது. ஆகவே நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களின், விழாமல் அடிபடாமல் தானாக வந்த கிழிவுள்ள 180 தோள்களை மூன்றாகப் பிரித்தார்கள்: பயிற்சி மட்டும், பயிற்சியோடு சுரண்டல், பயிற்சியோடு சுரண்டலும் தையலும். ஒரு வருடத்திலும் இரண்டு வருடத்திலும் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் முழுக் கிழிவுள்ள 452 பேர் பயிற்சியோடு தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் சத்திரசிகிச்சையைத் தேர்ந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தைத்த நாண் மறுபடி பிரிவது சாதாரணம். பிரிந்த பிறகும் பலருக்கு நோ இல்லை. கிழிவுதான் நோவென்றால் இதை எப்படி விளக்குவது?

ஆனால் நோர்வேயிலிருந்து வந்த ஆய்வை நான் ஒளித்துவைக்க மாட்டேன். சிறிய, நடுத்தரக் கிழிவுள்ள 103 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். தையல் போட்டவர்களின் நிலை பயிற்சி செய்தவர்களுடையதைவிட மேலாக இருந்தது. தைக்காத கிழிவுகளில் ஒரு பகுதி பெரிதாகியும் இருந்தது. ஆகவே, வயது குறைந்தவர், முழுக் கிழிவு, பலம் குறைந்திருக்கிறது, உடல் உழைப்பு என்று நான்கும் சேர்ந்தவரிடம் தையல் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் மறுப்பது "கிழிவு" என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து "திகதி" என்ற சொல்லுக்குத் தாவுவதை. பகுதிக் கிழிவு, முழுக் கிழிவு, விழுந்து வந்தது, வயதோடு வந்தது என்று நான்கு வெவ்வேறு நிலைகள் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அறிக்கையை வாசித்துக் காட்டும் உறவினருக்கு இது தெரியாது. வைத்தியருக்குத் தெரியும். அவர் சொல்ல வேண்டும்.

மூட்டுத் தட்டின் விளிம்பிலுள்ள குருத்து கிழிந்திருப்பதாக அறிக்கையில் வந்தால் இளவயதினர் கலங்கிப் போகிறார்கள். மேல் விளிம்பில் வரும் அந்தக் கிழிவையும் நோர்வேக்காரர்கள் 118 பேரில் சோதித்து 2017இல் எழுதினார்கள். தைத்தவர்கள், நாணை இடம்மாற்றிக் கட்டியவர்கள், பாசாங்குச் சிகிச்சை பெற்றவர்கள் என்று மூன்று குழு. இரண்டு வருடம் கழித்தும் வித்தியாசம் இல்லை.

5. துளை சிறியது. அதற்குப் பின்னால் வரும் காலம் சிறியதல்ல. நாணைத் தைத்தால் நான்கு முதல் ஆறு கிழமை கை தொட்டிலில் தொங்கும். தொட்டிலைக் கழற்றிய பிறகு மூட்டு இறுகியிருக்கும். அதைத் தளர்த்த மேலும் கிழமைகள். பாரம் தூக்க நான்கு, ஐந்து, சிலருக்கு ஆறு மாதம். தொற்று, நரம்புப் பாதிப்பு, நிரந்தர இறுக்கம் ஆகியவை அரிதானவை; ஆனால் நடப்பவை. இந்தக் கணக்கைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் குடியிருந்து, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவர். கை தூக்க முடியவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. அவரிடம் ஐந்து மாதத்தைச் "சின்ன ஓட்டை" என்று யார் போய்ச் சொல்வது? அவர் கடன் வாங்கித் தனியார் வைத்தியசாலைக்குப் போகிறார், ஏனென்றால் வெள்ளவத்தைக்காரர் செய்ததுதான் சரியான வைத்தியம் என்று அவரும் நம்புகிறார். என்னை இதை எழுத வைத்தது இந்த நம்பிக்கைதான். வசதியுள்ளவரின் பிழை அவருடைய காசோடு போகும். அதே பிழை ஒழுங்கைக்கு இறங்கும்போது அடகுக் கடை வழியாகப் போகிறது.

6. முரளிதரனைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவருடைய கதையை முழுதாகச் சொல்வதில்லை. தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடிய முரளி, 2004 மே மாதம் ஹராரேயில் வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அதே வருடம் அவருடைய தோளில் அவுஸ்திரேலியாவில் சத்திரசிகிச்சை நடந்தது. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். எல்லாம் உண்மை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பந்து போடும் தோள் அது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தத் தோளை மீட்பதே முழுநேர வேலையாக, பக்கத்தில் நிபுணர்களோடு பல மாதம் இருக்கும் வசதி அவருக்கு இருந்தது. அவருடைய கதையிலிருந்து பாடம் எடுப்பதென்றால் அந்த மாதங்களிலிருந்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்மின்டன் ஆடுபவரும், 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கி வருபவரும், தேங்காய் திருவிச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு வேலைக்கு ஓடுபவரும் பாவிக்கும் தோள் வேறு. நோவின் காரணமும் பெரும்பாலும் வேறு. விளையாட்டு வீரரின் சிகிச்சை உயர்ந்த சிகிச்சை என்ற எண்ணம் ஆராயாமல் வந்தது.

7. மிகக் கொடுமையான தவறு இறுகிய தோளில் நடக்கிறது. புரோஸின் ஷோல்டர் என்று எல்லோரும் பேர் சொல்லும் இந்த வருத்தம், பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வருகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம். வேறொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகாது. வெளிப்பக்கம் திருப்பவும் முடியாது. முதுகுக்குப் பின்னால் கை எட்டாததால் பெண்கள் உடுப்புக் கொழுவ முடியாமல் அழுவார்கள். இந்தத் தோளை எம்.ஆர்.ஐ. எடுத்தால், அந்த வயதுக்குரிய சிறு கிழிவு தெரியக்கூடும். கிழிவைப் பார்த்துத் தைத்தால், ஏற்கெனவே இறுகிய மூட்டை ஆறு கிழமை தொட்டிலில் கட்டிவைத்து இன்னும் இறுக்குகிறோம். எங்கள் குடும்பத்திலேயே ஓர் அக்காவுக்கு இது நடந்தது. அவருடைய சீனி அளவைக்கூடச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள்தான் பார்த்தார்கள். ஒன்றரை வருடமாகியும் அவரால் தலை இழுக்க முடியவில்லை.

பிரித்தானியாவில் 35 வைத்தியசாலைகளில் 503 பேரை வைத்து, இறுகிய தோளுக்கு மூன்று வழிகளை ஒப்பிட்டு 2020இல் லான்செட்டில் எழுதினார்கள்: ஊசியோடு ஒழுங்கான இயன்மருத்துவம், மயக்கத்தில் மூட்டை அசைத்துத் தளர்த்துதல், கமெராவால் மூட்டுறையை வெட்டித் தளர்த்துதல். ஒரு வருட முடிவில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாக இல்லை. பாரதூரமான பக்கவிளைவுகள் பதிவான 10 சம்பவங்களில் 8 மூட்டுறையை வெட்டியவர்களிடம். காரணம் தெரியாமல் தோள் இறுகிக்கொண்டு வந்தால் நீங்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை, வெறும் வயிற்றில் இரத்தச் சீனி. எம்.ஆர்.ஐ.யின் விலையில் அதை எத்தனையோ தடவை செய்யலாம்.

8. "பயிற்சி என்கிறீர்கள். கிழமைக்கு மூன்று முறை யார் கூட்டிக்கொண்டு போவது?" நியாயமான கேள்வி, இதற்கு நல்ல விடை இருக்கிறது. பிரித்தானியாவில் 708 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வு வரை இயன்மருத்துவர் பயிற்சி தந்தார். மற்றப் பகுதியினருக்கு ஒரே ஓர் அமர்வு: நன்றாகச் சோதித்து, பயிற்சியைச் செய்து காட்டி, கையேட்டைக் கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஒரு வருட முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். இரு பகுதியிலும் சிலருக்குப் போட்ட ஊசி முதல் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது, அதற்குமேல் இல்லை. ஆக, தேவை ஒரு மணி நேரம் ஒழுங்காகச் சொல்லித்தரும் ஒருவர். பிறகு நம்முடைய சுவரும் ஓர் இறப்பர் பட்டியும். விரலால் சுவரில் மெல்ல ஏறுவது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துப் பட்டியை வெளியே இழுப்பது, கிழமைக்குக் கிழமை பாரத்தைக் கொஞ்சம் கூட்டுவது. கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, அடுத்த நாளுக்குள் தணிய வேண்டும். பன்னிரண்டு கிழமை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலவிலும் இயன்மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. வரிசை நீளம் என்பது உண்மை. ஆனால் ஒரு தடவை போதும் என்றால் அந்த வரிசையில் நிற்கலாம்.

பிறகு ஏன் இந்த வழி மறைந்து கிடக்கிறது? பல காப்புறுதித் திட்டங்கள் வாட்டில் அனுமதிக்கப்பட்டால் பணம் தரும். வெளிநோயாளராகப் போய்ப் பயிற்சி கற்றால் தராது. இலட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை நோயாளிக்கு இலவசமாகத் தெரிகிறது; சில ஆயிரம் செலவாகும் சிகிச்சை கைக்காசாகத் தெரிகிறது. இதைத் திருத்த வேண்டியவர்கள் காப்புறுதி நிறுவனங்கள். கணக்கு அவர்களுக்கே இலாபமாகும்போது ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கத்தியே வேண்டாம் என்று இதை யாராவது வாசித்தால் அது என் எழுத்தின் பிழையாகிவிடும். விழுந்து அல்லது பாரம் இழுத்து, அந்த நிமிடத்திலிருந்து கை தூக்க முடியாமல் போனவர் காத்திருக்கக் கூடாது. அறுந்த நாண் சுருங்கி, தசை கொழுப்பாக மாறத் தொடங்கும். கிழமைகள் கடந்தால் தைப்பதே கடினம். இருபது வயதுக்காரரின் தோள் மூட்டு விலகி விழுந்தால், மறுபடி விலகும் வாய்ப்புப் பாதிக்கும் மேல். 1923இல் லண்டனில் பாங்கார்ட் எழுதிய முறையும் 1954இல் பிரான்சில் லத்தார்ஜே எழுதிய முறையும் இன்றும் அவருக்கு உதவும். அந்தப் பையனை முறிவு, நெரிவு வைத்தியரிடம் கூட்டிப்போய் ஐந்தாறு தடவை எண்ணெய் போட்டு இழுத்து, மூட்டின் விளிம்பே தேய்ந்த பிறகு கொண்டுவருவது கொட்டாஞ்சேனையிலும் நடக்கிறது, வெள்ளவத்தையிலும் நடக்கிறது. முழுக் கிழிவோடு மூன்று நான்கு மாதம் உண்மையாகப் பயிற்சி செய்தும் பலம் வராதவர், மூட்டே தேய்ந்து போன முதியவர், கிருமித் தொற்று உள்ளவர் ஆகியோருக்கும் சத்திரசிகிச்சை நிபுணரே கதி. நமது அவலம், தேவைப்படாதவர் வேகமாகப் போகிறார், தேவைப்படுபவர் பிந்திப் போகிறார்.

கிழிந்த தோள் நாணை முதன்முதலில் தைத்தவர்களில் ஒருவர் பொஸ்டன் நகரத்து ஏணெஸ்ட் கொட்மன். 1934இல் தோளுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதியவர். இறுகிய தோளுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரும் அவர் வைத்தது. அந்த மனிதர் சக சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: நீங்கள் வெட்டிய ஒவ்வொருவரும் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பதிந்து வெளியிடுங்கள். தான் வேலை செய்த பெரிய வைத்தியசாலை ஒப்புக்கொள்ளாததால் 1914இல் வேலையை விட்டார். தன் சிறிய வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுப்போன 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 தவறுகளைத் தன் கையாலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

கொழும்பில் தோள் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணர்களிடம் கேட்பதும் இதைத்தான். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, கணக்கைக் காட்டுங்கள். வாசகரே, நீங்களும் சம்மதப் படிவம் கைக்கு வரும்போது கேளுங்கள். எனக்குச் செய்யப்போவது சுரண்டலா, தையலா? என் கிழிவு விழுந்து வந்ததா, வயதோடு வந்ததா? மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வந்தால் எனக்கு என்ன நட்டம்? நீங்கள் கடைசியாக இதே சிகிச்சை செய்த ஐம்பது பேரில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்துப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்? நான்குக்கும் பதில் வரும்வரை பேனையை எடுக்காதீர்கள்.